ஆட்டுக் கண்ணும் மீன் ஐஸும்

மண்டபத்துக்காரன்:
கண்ணிலிருந்து செல் சவ்வு பிரித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், முதலில் என் கதை. கண் சிவந்தால் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் என் சித்தப்பா. அது ஸ்டீராய்டு. வருஷக்கணக்கில் ஊற்றி கண் அழுத்தமும் ஏறியது, லென்ஸின் பின்பக்கம் புரையும் விழுந்தது. ஸ்டீராய்டு வழக்கமாக ஏற்பியோடு (செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்ந்து உட்கருவுக்குள் போய்த்தான் வேலை பார்க்கும். லென்ஸின் முதிர்ந்த நார் செல்களிலோ உட்கருவே கிடையாது, அப்படியென்றால் அங்கே அது சவ்வில் இருக்கும் ஏற்பியைப் பிடிக்கிறதா என்று ஒரு அரிப்பு.

கீழக்கரை கறிக்கடையில் இருபது குட்டியாட்டுக் கண் வாங்கினேன். பாய் ஒரு மாதிரி பார்த்தார். மீன் ஐஸ் உடைத்துப் போட்டு பஸ்ஸில் மதுரை ஆய்வகம் வரை கொண்டுபோய் அறுத்தால் லென்ஸ் எல்லாம் பால் மாதிரி வெளுத்திருந்தது. போச்சு என்று நினைத்தேன். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்ததும் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது! இளம் விலங்குகளின் லென்ஸ் குளிரில் அப்படி மங்குமாம்.

அப்புறம் 0.25 மோலார் சுக்ரோஸில் அரைத்து, 1,00,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு) ஒரு மணி நேரம் சுற்றி, அடியில் படிந்ததைத் திரும்பத் திரும்பக் கழுவினேன், லென்ஸ் முழுக்கக் கரையும் புரதம் என்பதால். டிரிட்டியம் (கதிர்வீசும் ஹைட்ரஜன்) ஏற்றிய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு குழாயில். இன்னொன்றில் அதோடு ஏற்றாததை நூறு மடங்கு. ஏற்பியில் உட்கார்ந்திருந்தால் ஏற்றாதது அதைத் தள்ளிவிட்டுக் கதிர்வீச்சு எண்ணிக்கை குறைந்திருக்கும். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஏற்பியில் உட்காரவில்லை, கொழுப்பில் கரைந்து கிடக்கிறது. அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் அவ்வளவு. படகில் ஒட்டின செதிலை மீன் என்று எண்ணின கதை.

தொண்டி அக்கா:
தம்பி, கழுவின பஃபரும் வடிகட்டியும் ஐஸ் குளிர்ச்சியில் இருந்ததா? சூடு ஏறினால் ஒட்டினது கழன்று போய்விடும், சில நொடிகளில் கழுவி முடிக்கணும். நான் கல்லீரலில் இதே தப்பைச் செய்து மூணு மாசம் வீணாக்கினேன். சவ்வுதானா என்று சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் (செல் சவ்வில் இருக்கும் நொதி) அளந்து பார்த்தாயா? மனசு விடாதே, புரோஜெஸ்டிரான் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனுக்கான சவ்வு ஏற்பியை 2003-ல் மீன் சினைப்பையில்தான் பிடித்தார்கள், பீட்டர் தாமஸ் குழு.

மண்டபத்துக்காரன்:
பஃபர் ஐஸில்தான் அக்கா, வடிகட்டி வெளியே கிடந்தது. ஏடிபியேஸ் அளக்கவே இல்லை, திட்டாதீங்க. வெள்ளிக்கிழமைக் கண்ணை எடுத்து வைக்கவா என்று பாய் போன் செய்துவிட்டார், சரி என்று சொல்லிவிட்டேன்.