செடி பகலில் மூச்சு விடாதா? வகுப்பில் எனக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

திருவாரூர்ப் பக்கம், பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை

பதினாறு வருடமாக செல், ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல் பாடங்களை நடத்துகிறேன். ரொம்ப நாள் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் "பகல்: ஒளிச்சேர்க்கை", வலப்பக்கம் "இரவு: சுவாசித்தல்" என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வசதி. எனக்கும் என் ஆசிரியர் அப்படித்தான் எழுதிப் போட்டார். கூடவே, ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் மரம் விடுகிற கார்பன் டை ஆக்சைடுதான் என்றும் சொல்லிவிடுவேன். வகுப்பே தலையாட்டும்.

இந்த வருடம் ஒரு பெண் தலையாட்டவில்லை. "மிஸ், எங்க தாத்தா வருஷம் பூரா வேப்பமரத்தடியிலதான் கட்டில் போட்டுப் படுக்கிறார். ஒண்ணும் ஆகலையே?" என்றாள். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். உடனே அடுத்ததைக் கேட்டாள்: "ராத்திரி மட்டும்தான் சுவாசிக்கும்னா, பகலெல்லாம் அதுக்குச் சக்தி எங்கிருந்து வரும்?"

அன்று வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி விடவில்லை. செல் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியா செடியிலும் உண்டு, உயிருள்ள செல்லுக்கு ஒவ்வொரு நொடியும் ஏடிபி (சக்தி தரும் மூலக்கூறு) வேண்டும் என்று நானே அதற்கு முந்தின பக்கத்தில் நடத்தியிருக்கிறேன். வேருக்கு வெயிலே கிடையாது, அது பகலில் எப்படிப் பிழைக்கும்? பதினாறு வருடம் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கோட்டை அழித்துவிட்டு, "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று வகுப்பிலேயே சொன்னேன். அப்புறம் இரண்டு பாட்டில் எடுத்தோம். ஒன்றில் முளைகட்டிய பச்சைப்பயறு, மற்றதில் வேகவைத்து ஆறவைத்த பயறு. இரண்டையும் இறுக மூடி, கார்பன் டை ஆக்சைடு பட்டால் கலங்கும் சுண்ணாம்புத் தெளிநீரோடு ஒரு குழாய் வழியாக இணைத்துப் பட்டப்பகலில் மேசையில் வைத்தோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், முளைப்பயறு பக்கத்துத் தண்ணீர் பால் போலக் கலங்கியிருந்தது. வெந்த பயறு பக்கம் அப்படியே தெளிவாக இருந்தது.

"பயறு இலை இல்லையே மிஸ், இலைக்குச் செஞ்சு காட்டுங்க" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. செம்பருத்தி இலைகளை இரண்டு பாட்டிலில் போட்டு, ஒன்றைக் கறுப்புத் துணியால் சுற்றி, இரண்டையும் ஜன்னலோரம் வைத்தோம். துணி சுற்றியது மட்டும்தான் சுண்ணாம்பு நீரைக் கலக்கியது. "அப்போ வெளிச்சத்துல சுவாசிக்கலைதானே?" என்று மறுபடி மடக்கினான்.

அவன் அப்பாவுக்கு மளிகைக் கடை. அதை வைத்தே சொன்னேன்: கல்லாவில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய் உள்ளே வருகிறது, இரண்டு ரூபாய் வெளியே போகிறது. கல்லாவை எட்டிப் பார்ப்பவனுக்கு எட்டு ரூபாய் ஏறியது மட்டும்தான் தெரியும். அதற்காகச் செலவே இல்லை என்று சொல்வாயா? நல்ல வெயிலில் இலை சுவாசித்து வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடை அதே இலை உடனே ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறது. துணி போட்டால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் கண்ணுக்குத் தெரியும். "புரியுது மிஸ்" என்று அவன் சொன்னபோது நிஜமாகவே புரிந்திருந்தது.

தாத்தா விஷயத்தையும் பேசினோம். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, வெளிக்காற்றில் வெறும் 0.04. திறந்த வெளியில் மரம் இரவில் விடுவது காற்றோடு கலந்து போய்விடும். அதைவிட, சாத்திய அறையில் பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் விடுவதுதான் அதிகமாகச் சேரும்.

உங்கள் வகுப்பில் இப்படி எது நடந்தது? கட்டாயம் எழுதுங்கள்.

யாழ்ப்பாணம், தரம் 10, 11 விஞ்ஞானம்

வணக்கம் ரீச்சர். வாசிச்சுப்போட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் அந்தப் புளியமரக் கதையைச் சொன்னவள்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பாடநூலில் கலம், ஒளித்தொகுப்பு, கலச்சுவாசம், இழைமணி, பச்சையவுருமணி. பிள்ளைகள் இரவில் பார்க்கிற காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் செய்தவை. அதில் அவற்றுக்கே செல், ஒளிச்சேர்க்கை, செல் சுவாசம், மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளை வந்து, "ரீச்சர், ஒளிச்சேர்க்கை எங்கட சிலபஸில இல்லையோ?" என்று கேட்டாள். பாவம், அது வேறு ஒரு பாடம் என்று நினைத்துவிட்டாள். இப்போது வகுப்புச் சுவரில் ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: உட்கருவுக்கு நேரே கரு, ஸ்டார்ச்சுக்கு நேரே மாப்பொருள், நுண்ணோக்கிக்கு நேரே நுணுக்குக்காட்டி. புதிதாக ஒரு சொல் கேட்டால் பிள்ளைகளே வந்து எழுதிவிடுவார்கள்.

மாப்பொருள் சோதனையில் ஒருமுறை எனக்கு நல்லாகப் பிழைத்தது. செவ்வரத்தை (உங்கள் செம்பருத்தி) இலையில் கறுப்புத் தாள் துண்டைக் கிளிப் போட்டு, ஒரு பகல் முழுக்க வெயிலில் விட்டோம். இலையைச் சுடுநீரில் அமிழ்த்தி, பிறகு மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், பச்சையம் போக வைத்து (மதுசாரத்தை ஒருநாளும் நேரே நெருப்பில் வைக்காதேங்கோ, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும்), திரும்பக் கழுவி, மாப்பொருளைக் கருநீலமாக்கும் அயடீன் விட்டால் இலை முழுக்கக் கருநீலம். தாள் மறைத்த இடமும் கருநீலம்! செடியை முதலில் இருட்டில் வைத்துப் பழைய மாப்பொருளைத் தீர்க்க மறந்து தொடங்கியதுதான் காரணம். அடுத்த கிழமை சாடியோடு 48 மணித்தியாலம் அலுமாரிக்குள் பூட்டி வைத்துச் செய்தோம். தாள் இருந்த இடம் மட்டும் மண்ணிறமாக, வெட்டி ஒட்டினது போலத் தெரிந்தது. முதல் தடவை பிழைத்திராவிட்டால், செடி இருட்டில் தன் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது என்பதை நான் அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

மதுரை, மாலை நேரத் தனிப்பயிற்சி

நான் ஆசிரியர் பயிற்சி படித்தவன் இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷின் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் ஒன்று கைக்கு வந்தது. காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாக்கும்.

வெங்காயத் தோலை வைத்து, "தெரிகிற செல்லை வரையுங்கள்" என்றேன். எட்டுப் பேரில் ஐந்து பேர் அழகான வட்டம் வரைந்து, சுற்றி அழுத்தமாகக் கறுப்புக் கரை போட்டிருந்தார்கள். அது செல்லே இல்லை, கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி. வெங்காயச் செல் செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி இருக்கும். இப்போது மூடுகண்ணாடியின் ஒரு ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கி மெல்லச் சாய்த்து இறக்கக் கற்றுக் கொடுத்துவிட்டேன். குமிழி குறைந்துவிட்டது. செல் என்று பெயர் வைத்த ராபர்ட் ஹூக் 1665இல் தக்கையில் பார்த்ததும் உயிரில்லாத வெறும் சுவர்களைத்தான் என்று சொன்னபோது அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் மெதுவாக வழித்து மெத்திலீன் நீலச் சாயம் விட்டுப் பார்த்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணை எடுக்காமலே கேட்டான்: "சார், இது இப்போ செத்துப்போச்சா?" மேல் அடுக்கில் உதிரத் தயாராக இருந்த செல்கள்தான் வந்திருக்கின்றன, அடியிலிருந்து புதுசு வந்துகொண்டே இருக்கும் என்று சொன்னேன். வாய்க்குள் நாக்கை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

சேலம், மாவுக்கடை நடத்துகிறேன், மகள் பத்தாம் வகுப்பு

டீச்சர் யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள். காற்றில்லா சுவாசத்துக்கு உதாரணம் இட்லி மாவு என்று மகள் எழுதினாள், ஈஸ்ட்தான் மாவைப் பொங்க வைக்கிறது என்றும் எழுதினாள். நான் இருபது வருடமாக மாவு அரைக்கிறேன், ஒரு நாளும் ஈஸ்ட் போட்டதில்லை. மார்கழிக் குளிரில் மாவு பொங்காது, சித்திரையில் பாத்திரத்தை விட்டு வழியும். இதெல்லாம் எதனால்?

திருவாரூர் ஆசிரியை

அக்கா, நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். இட்லி மாவில் பெரும்பாலான வேலை பாக்டீரியாவுடையது. குறிப்பாக லியூகோனாஸ்டாக் என்ற ஒன்று. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும். அது சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலம் விடும், அதுதான் புளிப்பு. கூடவே கார்பன் டை ஆக்சைடு விடும், உளுந்தின் பசை அதைப் பிடித்துவைக்க மாவு பொங்கும். குளிரில் அதன் நொதிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆக்சிஜன் இல்லாமல் நொதிக்கும்போது, ஈஸ்ட்டாக இருந்தால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிஞ்சும், இந்த பாக்டீரியாவுக்கு அதைவிடக் குறைவு. நம் செல் ஆக்சிஜனோடு 30க்கு மேல் எடுத்துவிடும். பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். முடிந்தால் மகளை ஒரு நாள் இரவு பாத்திரத்தில் மாவு மட்டத்துக்கு நூல் கட்டி, காலையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தென்காசி

நான் முதல் நாள் ஒரே கேள்விதான் கேட்பேன்: விதை கையளவுகூட இல்லை, மரம் பல டன். அந்த எடை எங்கிருந்து வந்தது? "மண்ணிலிருந்து சார்" என்பார்கள் எல்லோரும். அப்போது பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மாண்ட் கதையைச் சொல்வேன். சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணில் சின்ன வில்லோ மரக் கன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வந்தது, மண்ணின் எடை 60 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட கார்பன் அவர் கணக்கில் வரவில்லை. 1779இல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ்தான், வெளிச்சத்தில் பச்சைப் பாகங்கள் ஆக்சிஜன் விடுகின்றன, இருட்டில் நம்மைப் போலக் காற்றைக் கெடுக்கின்றன என்று காட்டினார். பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு மரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். காய்ந்த கட்டையில் சுமார் பாதி எடை கார்பன், அது காற்றாக இருந்தது என்பதை நம்ப அவர்களுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தைக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

மதுரை, மாலை நேரத் தனிப்பயிற்சி

டீச்சர், சுண்ணாம்புத் தெளிநீர் எப்படிச் செய்தீர்கள்? எங்களுக்கு ஆய்வகம் கிடையாது.

திருவாரூர் ஆசிரியை

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு போதும் தம்பி, வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கலக்கிக் குலுக்கி, மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருப்பதை மட்டும் அசைக்காமல் இறுத்து, காபி வடிகட்டும் துணியில் வடிகட்டுங்கள். கண்ணில் படக் கூடாது, பிள்ளைகளை ஊற்றவிடாதீர்கள். குழாயில் ஊதிக் காட்டுவதானால் நீங்களே ஊதுங்கள், உள்ளே இழுத்துவிடக் கூடாது. இறுத்ததும் இறுக மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் காற்று பட்டே மேலே மெல்லிய ஏடு படிந்துவிடும், அப்புறம் சோதனைக்கு உதவாது.