மறுமொழி: 'கிளெய்ம்ஸ் மேக்கிங்' – முறையிடல்?

> 'உரிமைகோரல்' என்றே வைத்துக்கொள்ளலாமே. அகராதியிலும் இருக்கிறது.

இருக்கிறதுதான். ஆனால் அது நிலத்துக்கும் காப்பீட்டுக்கும் போடுகிற மனு. 'கிளெய்ம்ஸ் மேக்கிங்' என்று சமூகவியலாளர்கள் ஸ்பெக்டரும் கிட்சூசும் 1977இல் சொன்னது வேறு. அதற்குத் தமிழில் 'முறையிடல்' என்பது என் யோசனை. ஒரு நிலைமையைக் காட்டி, 'இது சரியில்லை, ஏதாவது செய்யுங்கள்' என்று ஊரறியக் கிளப்புகிற வேலையைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள். அந்த வேலையில்தான் சமூகப் பிரச்சினையே உருவாகிறது என்பது அவர்கள் வாதம்.

குழந்தைகளை அடிப்பதையே பாருங்கள். என்றைக்கும் இருந்த கொடுமை. 1946இல் ஜான் கேஃபி என்ற அமெரிக்க மருத்துவர், மண்டைக்குள் இரத்தம் கட்டிய கைக்குழந்தைகளின் எக்ஸ்ரேயில் கை, கால் எலும்புகளும் முறிந்திருப்பதைக் கண்டு எழுதினார். பெற்றோரை நோக்கி விரல் நீட்டவில்லை. 1962இல் ஹென்றி கெம்பேயும் சகாக்களும் அதற்கு ஒரு நோயின் பெயரைப் போலவே பெயர் சூட்டி, அடிப்பது பெரும்பாலும் வீட்டார்தான் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அடுத்த ஐந்தே ஆண்டுகளில், சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பேச்சைத் தொடங்கியவர்கள் மருத்துவர்கள் என்பதால், அடித்தவருக்கும் சிகிச்சை தேவை என்ற பார்வை ஓங்கியது. போலீஸார் கிளப்பியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இதற்கு நேர்மாறான ஒன்று. 1983இல் கலிபோர்னியாவின் மழலையர் பள்ளி ஒன்றின் மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் கிளம்பி, சாத்தான் சடங்கு வரை வளர்ந்தது. வழக்கு 1990 வரை இழுத்தது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் நம் கலைச்சொல் இதற்கும் பொருந்தியாக வேண்டும். நிலைமை நிஜமா இல்லையா என்பதில் அது வாய் திறக்கக் கூடாது. 'குறையெழுப்பல்' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் குறை இருப்பதாக முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. 'குற்றச்சாட்டு' ஆள்மேல் பாய்கிறது. முறையீடு என்றால் ஒருவர் முறையிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம், சொல் குட்டி போட வேண்டும். முறையீடு, முறையிடுநர், எதிர்முறையீடு எல்லாம் இழுக்காமலே வருகின்றன. 'மேல்முறையீடு' என்ற நீதிமன்றச் சொல் பக்கத்தில் இருப்பது சின்ன இடைஞ்சல். மேலிடத்தைப் பார்த்துக் கெஞ்சுகிற தொனி இருக்கிறதே என்பீர்கள். கேட்க அரசோ பத்திரிகையோ பொதுமக்களோ இல்லாமல் இந்த வேலையே நடக்காது என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

'மாரல் பேனிக்' (ஒன்றைப் பெரிய ஆபத்தாக எண்ணி ஊரே பதறுவது) என்ற சொல் தனி இழைக்குப் போகட்டும். இதோடு சேர்த்தால் இரண்டும் குழம்பும்.