வேற்றுநுண்ணினம், புள்ளி, திரள்: ஒரு கலைச்சொல் விவாதம்

ஆச்சிக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்தைக் களமாகக் கொண்ட அறிவியல் புனைகதைகளுக்குச் சொற்பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். மூன்று கதைகளில் ஒரே உயிரினம் வருகிறது. வேற்றுலகிலிருந்து வந்து ஊருணித் தண்ணீரில் தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, அளவு 50 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றுகூடி முடிவெடுக்கும், பதில் சொல்லும். ஒருவர் விண்கிருமி என்கிறார், ஒருவர் அயல்நுண்மி, இன்னொருவர் நுண்வேற்றுக்கிரகவாசி. எனக்கு அயல்நுண்மி பிடித்திருக்கிறது. நிலைப்படுத்திவிடலாமா?

---

தம்பி,

மூன்றுமே வேண்டாம்.

கிருமி என்றதும் வாசிப்பவர் மனம் நோய்க்குப் போய்விடும். உங்கள் உயிரினம் யாருக்கும் காய்ச்சல் கொடுக்கவில்லை. நுண்மிக்கும் அதே குறைதான். கொரோனாக் காலத்தில் தீநுண்மி என்று எழுதி எழுதி அந்தச் சொல்லில் வைரஸ் ஒட்டிக்கொண்டது.

அயல்நுண்மியில் புணர்ச்சிச் சிக்கலும் இருக்கிறது. கல் + நார் கன்னார் ஆவதுபோல, இலக்கணப்படி புணர்த்தால் அயல் + நுண்மி, அயனுண்மி ஆகும். படிப்பவர் அதை அயன் + உண்மி என்று பிரிப்பார்; அயன் பிரமன். அயல்நாடு என்று பிரித்துத்தானே எழுதுகிறோம் என்பீர்கள். அது பழகிய சொல், யாரும் தடுமாறுவதில்லை. புதுச்சொல்லை ஒரு மெய்ப்புத் திருத்துநர் சேர்ப்பார், இன்னொருவர் பிரிப்பார், மூன்றாமவர் இடைவெளி விடுவார். பிறகு கணினியில் தேடினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

வாசி என்றால் வசிப்பவர். அது ஓர் ஆளைக் குறிக்கும் ஈறு, இனத்தைக் குறிக்காது.

வேற்று என்ற முன்னொட்டு பாதுகாப்பானது. வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் வல்லினம் வந்தால் மிகும்: வேற்றுக்கோள். மெல்லினம் வந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே வேற்றுநுண்ணினம். பாடநூலில் உள்ள சிற்றினத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். பேரினத்துக்குள் அடங்கும் பிரிவு என்பதால் அது சிற்றினம். உடல் சிறியது என்பதால் அல்ல. ஆசிய யானையும் ஒரு சிற்றினந்தான். நுண்சிற்றினம் என்றால் சிறுமை இரண்டு தடவை சொன்னதாகிக் குழப்பும்.

இனத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் கதையில் பேசுவது எது? இதைத் தீர்க்காமல் எந்தச் சொல்லும் நிற்காது.

முதலில் அளவைத் திருத்துங்கள். தன்னந்தனியே வாழும் செல்லுக்குக் குறைந்தபட்ச விட்டம் ஏறத்தாழ 200 நானோமீட்டர் என்று 1999இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் கூட்டிய அறிஞர் குழு கணக்கிட்டது. அண்டார்க்டிகாவில் 1984இல் எடுத்த செவ்வாய் விண்கல்லில் புதைபடிவம் தெரிகிறது என்று 1996இல் அறிவித்தபோது எழுந்த முக்கிய மறுப்புகளில் ஒன்று, அந்த வடிவங்களில் பல இந்த எல்லைக்கும் கீழே இருந்தன என்பது. புரதம் செய்யும் ரிபோசோம் ஒன்றே 20 நானோமீட்டருக்குமேல் இருக்கும். 50க்குள் எத்தனையை அடைப்பது? வேற்றுலகு என்பதால் வேதியியல் வேறு என்று சொல்லலாம், ஆனால் அதைக் கதையில் சொல்லியாக வேண்டும்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 200 நானோமீட்டருக்குக் கீழே உருவம் பிரிந்து தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போனால் மாதிரியை உலர்த்தி, உலோகம் பூசி, வெற்றிடத்தில் வைப்பதுதான் வழக்கமான முறை. அதில் உயிரோடு நெளிவதைப் பார்த்ததாக எழுதாதீர்கள். 1 மைக்ரோமீட்டர் என்று வைத்தால் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம், கதைக்கும் அது வசதி.

அந்த அளவுள்ள ஒன்று தனியாக யோசிக்க முடியாது. பல கோடி சேர்ந்து, ஒன்றுக்கொன்று மூலக்கூறுகளை அனுப்பித்தான் யோசிக்க வேண்டும். எனவே இரண்டு சொல் தேவை. தனி உறுப்புக்குப் புள்ளி என்பேன். நம் நகரத்தார் ஊர்க்கணக்கில் மணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுகிறோம். எண்ணத்தக்க ஓர் அலகு, ஆனால் ஊரோடு சேர்ந்த அலகு. அந்தப் பொருள் வேறு எந்தச் சொல்லிலும் இவ்வளவு சரியாக அமையவில்லை. பெரும்புள்ளி என்று ஆளைச் சொல்லும் பொதுவழக்கும் துணைக்கு இருக்கிறது. யோசிக்கும் கூட்டத்துக்குத் திரள்.

---

ஆச்சி, புள்ளி என்றால் முற்றுப்புள்ளியோடு குழம்பாதா? இன்னொன்று: ஒரு கதையில் ஊருணி முழுக்கப் பரவிய திரள், கரையில் காலடி பட்டதும் உடனே பதில் சொல்கிறது. அது தவறா?

---

தம்பி,

குழம்பாது. ‘புள்ளி பிளந்து இரண்டானது’ என்று படிப்பவர் யாரும் நிறுத்தக்குறியை நினைக்கமாட்டார்.

காலடிக் காட்சி தவறுதான். அசையாத நீரில் ஒரு சிறு மூலக்கூறு 1 மைக்ரோமீட்டர் பரவ ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. 1 மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்குமேல், 1 சென்டிமீட்டருக்கு ஒரு நாளுக்குமேல். ஊருணி அளவுக்கு விரிந்த திரளுக்கு ஓர் எண்ணம் முடியவே ஆண்டுக்கணக்காகும். உடனே பதில் வேண்டுமென்றால் திரள் நெருங்கி ஒரு சிறு கட்டியாக மாற வேண்டும்.

அதற்கு ஊரிலேயே வழி இருக்கிறது: தேற்றாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரசி, கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். புள்ளிகளும் அப்படியே படியட்டும். ஊருணியில் மந்தமாக இருந்த திரள் பானையடியில் விரைவாக யோசிக்கத் தொடங்கும். தெளிந்த நீரை மேலாக இறுத்துக் குடித்தவர்களுக்கு அடியில் இருப்பது தெரியாது.

திணையையும் பட்டியலில் குறித்துவிடுங்கள். நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையே உயர்திணை என்கிறது, மற்றதெல்லாம் அஃறிணை. புள்ளிக்கு எப்போதும் ‘வந்தது’. திரளுக்கு, பாத்திரங்கள் அதன் அறிவை உணரும்வரை ‘என்றது’, உணர்ந்த பத்தியிலிருந்து ‘என்றார்’. மூன்று ஆசிரியர்களும் மாற்றும் இடத்தை அவரவர் கதைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளட்டும், ஆனால் ஒரே தடவைதான் மாற்ற வேண்டும்.