மறு: பிளாக் டைம் – ‘தொகுதி நேரம்’ சரியா?

> பிளாக் டைம் – தொகுதி நேரம்

விமானச் சொற்பட்டியலில் பிளாக் டைமுக்கு இப்படி வைத்திருப்பது பொருந்தாது ஐயா. இந்த பிளாக், தொகுதி அல்ல. நிறுத்திய விமானம் உருளாதிருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் முட்டுக்கட்டை. கட்டையை எடுத்து விமானம் நகர்ந்தது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரை பிளாக் டைம். கால அட்டவணையில் பயணி பார்ப்பது இதைத்தான்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடிக்குப் பெருவட்டத் தொலைவு, அதாவது உலகுருண்டை மேல் மிகக் குறுகிய வழி, சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 9 நிமிடம் வரும். அட்டவணையிலோ போக ஏறக்குறைய 8 மணி, திரும்ப 7. மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. எதிர்க்காற்று 100 கி.மீ. என்றால் தரைவேகம் 800. 6 மணி 55 நிமிடம். அதே காற்று முதுகில் தள்ளினால் 5 மணி 32. (போகவர ஈடுகட்டிவிடும் என்பார்கள், கூட்டிப் பாருங்கள், காற்றில்லாத நாளைவிட 9 நிமிடம் கூடுதல்.) மிச்ச நேரத்தை ஓடுபாதை வரை ஊர்வதும், வரிசையில் நிற்பதும், ஏறி இறங்கும்போது குறையும் வேகமும், தடத்தின் வளைவுகளும் தின்கின்றன.

என் பரிந்துரை: முட்டுநேரம்.

> முட்டுநேரம்

விளக்கம் சரி, சொல்தான் இடிக்கிறது. ‘முட்டுக்கட்டை’ என்றதும் தடை என்றே படிப்பார்கள். தாமத நேரம் என்று நினைக்கவும் இடமுண்டு. தவிர, இன்று கணக்கைத் தொடங்குவது கட்டை அல்ல. கதவுகள் மூடி, பார்க்கிங் பிரேக்கை விட்டதும், விமானத்திலிருந்து தரைக்குச் செய்தி அனுப்பும் ஏகார்ஸ் கருவி நேரத்தைப் பதிந்து அனுப்பிவிடுகிறது. விமானம் மேலெழுந்து சக்கரத்தில் பளு நீங்கும்போது இரண்டாவது பதிவு, தரை தொடும்போது மூன்றாவது, நின்றதும் நான்காவது. முதலுக்கும் நான்காவதுக்கும் இடைப்பட்டது பிளாக் டைம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வானில் இருந்த நேரம்.

தேர் நிலையை விட்டுக் கிளம்புகிறது, நிலைக்கு வந்து சேர்கிறது என்கிறோம். விமானம் நிறுத்துமிடமும் நிலைதானே? ‘நிலையிடை நேரம்’ என்று வைக்கலாம்.

> நிலையிடை நேரம்

இதுவே நன்று. ஆனால் வானில் இருந்த நேரத்துக்குப் ‘பறப்பு நேரம்’ என்று எழுதிவிடாதீர்கள். பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் வரையறையில் ஃபிளைட் டைம் என்பதே நகரத் தொடங்கியது முதல் நிற்கும் வரைதான். விமானியின் பணிப்பதிவேட்டில் ஏறுவதும் அது. ‘வானிடை நேரம்’ என்றால் குழப்பமில்லை, நிலையிடைக்கு இணையாகவும் நிற்கும்.

பட்டியலில் ‘விமானத் தொலைவு’ என்று ஒற்றைச் சொல் இருப்பதையும் பிரிக்க வேண்டும். உலகுருண்டை மேல் இரு ஊருக்கிடையே மிகக் குறுகியது பெருவட்டத் தொலைவு. விமானம் உண்மையில் கடந்தது தடத் தொலைவு. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை 2016இல் அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். தடத் தொலைவு கூடியது, பின்காற்றால் நிலையிடை நேரம் குறைந்தது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத முடியாது.