பாலாற்றில் பெரிய அணை கட்டினால் வெள்ளம் அடங்குமா?

பேர்ணாம்பட்டு ரோடு:
2021 நவம்பரை அதுக்குள்ள மறந்துட்டோமா? குடியாத்தத்துல கவுண்டன்யா ஆத்துத் தண்ணி கரையோர வீடுங்களுக்குள்ள பூந்துச்சு. பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடிச்சு. பேர்ணாம்பட்டுல வீடு இடிஞ்சு ஒன்பது பேர் செத்தாங்க. வாணியம்பாடிக்கு மேல பெரிய அணை ஒண்ணு இருந்திருந்தா வெள்ளமும் அடங்கியிருக்கும், சித்திரை வெயிலுக்குத் தண்ணியும் இருந்திருக்கும்.

ஏரிக்கரை:
அண்ணா, பேர்ணாம்பட்டுல மழையில ஊறின சுவர் விழுந்துச்சு. அதை எந்த அணையும் தடுத்திருக்காது. குடியாத்தத்துக்கு மேலயே மோர்தானா அணை இருக்கே! அது நிரம்பி வழிஞ்ச தண்ணிதான ஊருக்குள்ள வந்துச்சு? 1903 நவம்பர்ல வாணியம்பாடியை அடிச்சிட்டுப் போனதும் மைசூர் பக்கம் ஏரிங்க உடைஞ்சு வந்த தண்ணிதான்.

பேர்ணாம்பட்டு ரோடு:
மோர்தானா வெறும் 261 மில்லியன் கன அடி. நான் கேக்கறது சாத்தனூர் மாதிரி அணை.

ஏரிக்கரை:
சாத்தனூரா? 2024 டிசம்பர் 2 விடியறதுக்குள்ள வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க. விழுப்புரம், கடலூர்ல தென்பெண்ணைக் கரை ஊர்க்காரங்களைக் கேட்டுப் பாருங்க.

மதகடி (பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்):
இருவருமே பாதிதான் சொல்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 1 லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). சாத்தனூரின் முழுக் கொள்ளளவே 7.32 டிஎம்சி. 1.68 லட்சம் கன அடி வந்தால், அடியோடு வறண்டு கிடந்தாலும் சுமார் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அன்றைக்கு அது வறண்டும் கிடக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது அணையில் ஏற்கெனவே நிறையத் தண்ணீர் இருந்தது. நிரம்பிய அணையில் வருவதை அப்படியே விட்டாக வேண்டும். விடாவிட்டால் அணைக்கே ஆபத்து.

வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அணையில் காலியாக விட்டிருக்கும் இடம் மட்டும்தான். ஒடிசாவில் 1957-இல் திறந்த ஹிராகுட் அணை மகாநதி டெல்டாவின் வெள்ளத்துக்காகவே முக்கியமாகக் கட்டப்பட்டது. அங்கே பருவமழையின் தொடக்கத்தில் மட்டத்தைக் குறைத்து வைத்து, மழைக்காலம் முடிய முடியத்தான் நிரப்புகிறார்கள். அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை. நிரப்பிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். நமக்குப் பெருவெள்ளம் வருவது ஐப்பசி, கார்த்திகையில். அதுவரை காலியாக வைத்திருந்து, புயல் வராமல் போனால் அந்த வருஷம் வெறும் அணைதான் மிஞ்சும். இந்தச் சிக்கலைச் சொல்லாமல் பெரிய அணை கேட்பது நியாயமில்லை.

ஏரிக்கரை:
அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி இருக்கிற ஏரிங்களைத் தூர் வாருங்க, வரத்துக் கால்வாயில கட்டின வீட்டை எடுங்க. ஒரே இடத்துல தேக்கறதை நூறு இடத்துல தேக்கலாம்.

மதகடி:
சாதாரண மழைக்குச் சரி. ஆனால் பெரும் புயலுக்கு முன்னாலேயே எல்லா ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருக்கும் தம்பி. அணைக்கு வந்த கதிதான் ஏரிக்கும்.

பேர்ணாம்பட்டு ரோடு:
12 மணி நேரம்னு நீங்களே சொல்றீங்க சார். அந்த 12 மணி நேரத்துல ஒரு ஊரையே கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அது சின்ன விஷயமா? வெள்ளம் மொத்தமா நிக்கணும்னு நான் கேக்கல. உயிர் தப்பிச்சா போதும்.

மதகடி:
அது உண்மை, மறுக்க மாட்டேன். உச்சத்தைத் தள்ளிப்போடுவதும் அடக்குவதுதான். ஆனால் மழை வருமுன் ஷட்டரைத் திறந்து இடம் பண்ண வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி விட்டதைப் பற்றி, முன்னாலேயே திறந்திருக்கலாமே என்று இன்னும் பேசுகிறோம் அல்லவா?

லத்தேரி விவசாயி:
எல்லாரும் வெள்ளத்தைப் பத்தியே பேசறீங்க. காலியா வைங்க, முன்னாடியே திறங்கன்னா என் நெல்லுக்குத் தண்ணி? வெள்ளம் எப்பவோ ஒரு தபா வருது. வறட்சியைத்தான் நாங்க அடிக்கடி பாக்கறோம்.

ஏரிக்கரை:
இப்ப சொல்லுங்க அண்ணா, ஒரே அணை எப்படி ரெண்டு பேருக்கும் வாக்கு கொடுக்கும்?

பேர்ணாம்பட்டு ரோடு:
அதை முன்னாடியே எழுதி வெச்சுக்கணும். கலெக்டருக்கு மனு எழுதறேன். எவ்வளவு கொள்ளளவு வேணும்னு மட்டும் இல்ல, ஐப்பசி கார்த்திகையில எவ்வளவு காலியா விடணும்னும் அதுல இருக்கும். நீங்க கையெழுத்துப் போடுவீங்களா விவசாயி அண்ணா?

லத்தேரி விவசாயி:
கால் பங்கு காலின்னா போடறேன். பாதின்னா மாட்டேன்.