மழைக்காலத்தில் ஊமையாகும் கான்செர்டினா ரீடு

கேள்வி: 30 பொத்தான் சி/ஜி ஆங்லோ வகைக் கான்செர்டினா (துருத்தியை அமுக்கியும் இழுத்தும் வாசிக்கும் கைப்பெட்டி; ஒரு பொத்தான் வரிசை சி சுருதி, இன்னொன்று ஜி). திருவான்மியூரில் கடற்கரையோர வீடு. ஐப்பசி மழை தொடங்கியதும் வலக்கை சி வரிசை முதல் பொத்தான், துருத்தியை அமுக்கும்போது பேசுகிறது, இழுத்தால் ஊமை. ஏன்?

பதில் 1: ஆங்லோவில் இழுப்புக்கு ஒரு ரீடு (சட்டத்தில் பொருத்திய, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் எஃகு நாக்கு), அமுக்கத்துக்கு வேறு ரீடு. ஆகவே பொத்தானும் லீவரும் நலம்தான். ஈரத்தில் ரீடுகளைச் செருகிய பலகை உப்பி ரீடின் சட்டத்தை நெரிக்கும், எஃகு நாக்கு ஓரத்தில் இடித்து நின்றுவிடும். பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினால் இழுப்பு ரீடுகள் மேலேயே தெரியும். சட்டத்தை மயிரிழை வெளியே தள்ளுங்கள், போதும். எண்ணெய் விடவே விடாதீர்கள்! தூசி என்றால் மெல்லிய காகிதத்தை நாக்குக்கடியில் விட்டு உருவலாம். அக்கார்டியன் ரீடு போட்ட மலிவு வகைக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

பதில் 2: ரீடு சரியாகும்வரை வாசிப்பை நிறுத்த வேண்டாம். அந்தப் பொத்தானில் இழுத்தால் வரவேண்டிய பி சுரம் இடக்கை ஜி வரிசையில் அமுக்கினாலும் வரும். ஐரிஷ் வாசிப்பில் வரிசை தாண்டுவது வழக்கம்தானே. பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஏசி காற்றுக்கு நேரே வைத்தால் மரம் சுருங்கிக் காற்று ஒழுகும்.