நீர்ப் பாதுகாப்புத் திட்டம் போட்டால் பண்ணையில் அரசு தலையிடுமா?

கேள்வி:
டெக்சாஸில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறோம். மாடுகள் ஓடையில் இறங்கித்தான் தண்ணீர் குடிக்கின்றன, கரையெல்லாம் குளம்பு மிதித்துச் சரிந்துவிட்டது, மழை பெய்தால் சாணியும் சேறுமாகக் கீழே இருப்பவர்களுக்குப் போகிறது. என்ஆர்சிஎஸ் (அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) மூலம் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் போடலாம் என்கிறார்கள். போட்டால் அப்புறம் அபராதம், கட்டாயம் என்று வருமா?

பதில் 1:
வராதுங்க. முழுக்க உங்கள் விருப்பம்தான். 1935-இல் மண் பாதுகாப்புச் சேவையாகத் தொடங்கிய அமைப்பு அது, தண்டிக்கிற துறை இல்லை. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது, ஆள் வந்து உங்களோடு நிலத்தைச் சுற்றிப் பார்த்து வழிகளைச் சொல்வார், எதைச் செய்வது என்ற முடிவு உங்களுடையது. ஆனால் இந்த மாதிரி வேலைகளுக்கு என்ஆர்சிஎஸ் தரும் ஈக்விப் என்ற உதவித்தொகைக்கு ஒப்பந்தம் போட்டால் அதில் உள்ளதைச் செய்தாக வேண்டும்.

பதில் 2:
ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மாடுகள் ஓடையில் இறங்காமல் தடுக்கும் வேலி வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள், பொதுவாக அதற்குப் பணம் தர மாட்டார்கள். ஓடையை விட்டுத் தள்ளி, மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பதையும் கேட்டுப் பாருங்கள். தொட்டி பக்கத்தில் இருந்தால் மாடுகள் சேற்றில் இறங்குவது நன்றாகவே குறையும். கரையோரப் புல்லை மேயவிடாமல் வளர விடுங்கள், அடர்ந்த புல் ஓடிவரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும்.

பதில் 3:
மாநில மண், நீர் பாதுகாப்பு வாரியத்தின் நீர்த்தர மேலாண்மைத் திட்டமும் இருக்கிறது, 1993 சட்டப்படி வந்தது. அதுவும் விருப்பப்பட்டால்தான். உள்ளூர் மண், நீர் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தில் இரண்டையும் சேர்த்தே விசாரியுங்கள்.